பழமை மாறாமல்

மயிலாப்பூரில்தான் வளர்ந்தேன் என்று சொன்னால் உடனே "மாட வீதியா?" என்று கேட்பார்கள். இல்லை. குளத்திலிருந்து கடல் பக்கமாக நடந்தால் ஒரு சந்து வரும். அதில் இருந்த மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அறை, ஓரமாக ஒரு சமையல் மேடை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதுதான் எங்கள் வீடு. அம்மா அங்கே நர்ஸ். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அதனால் வீடு என்றால் அம்மாவும் நானும். பல சமயம் நான் மட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் அழகானது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு பெரிய வக்கீல் தனக்காகக் கட்டிய தோட்ட வீடாம். அவருக்குப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளாவது இங்கே பிறக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். முன்பக்கம் உருண்டைத் தூண்கள், ஆளை விட உயரமான ஜன்னல்கள், மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும். எங்கள் அறைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது பின்னால் எப்போதோ நர்ஸ் தங்குவதற்காக அவசரத்தில் கட்டியது. வெயில் காலத்தில் வெந்துபோவோம், மழைக் காலத்தில் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டு நடுவில் படுத்துக்கொள்வோம்.

ஆனால் பிற்காலத்தில் நான் ஏங்கியது அந்தத் தூண்களுக்காக இல்லை. இந்த அறைக்காகத்தான்.

அந்த அறையில் நான் செய்த முக்கியமான வேலை அம்மாவுக்காகக் காத்திருந்தது. தலை பின்னிக்கொண்டிருப்பாள், "நர்சம்மா!" என்று வார்டிலிருந்து குரல் வரும், போய்விடுவாள். ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் விரித்த தலையுமாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். வாத்தியாரம்மா கேட்டால் "அம்மா பிரசவம் பார்க்கப் போயிட்டாங்க டீச்சர்" என்பேன். அவரும் எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்தான். பேசாமல் மீதித் தலையைப் பின்னிவிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு அம்மாவின் கையில் பிறக்கக் கொடுத்துவைத்திருந்தது. எனக்கு அவள் கையால் ஒரு வேளைச் சோறு முழுசாகக் கிடைப்பதே அபூர்வம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போது பொறாமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இதில் கடற்கரைக் குப்பத்துப் பெண்களின் வழக்கம் வேறு. வலி எடுத்தால் அவர்கள் முன்வாசல் வழியாக வரமாட்டார்கள். முன்வாசலில் டாக்டர், சீட்டு, கட்டில் எல்லாம் இருக்கும். சீக்கிரமே கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் வலி பின்வாங்கிவிடும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் பின்பக்கமாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "நர்சம்மா, கொஞ்சம் நடந்துகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் அறையிலும் வெளித் தாழ்வாரத்திலுமாக நடப்பார்கள். அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள், இடுப்பை நீவிவிடுவாள். நேரம் வந்ததும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவாள். டாக்டரம்மாவுக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார். சிலருக்கு உள்ளே போக அவகாசம் இருக்காது. அப்படி ஏதாவது என்றால் அம்மா என்னைத் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள்.

அப்படி எங்கள் சமையல் மேடைக்குக் கீழே பிறந்த ஒருத்தி எனக்கு இன்றும் சிநேகிதி. என்னைவிட நாலு வயது சின்னவள். சாந்தோம் பக்கத்துக் குப்பம். மார்க்கெட் முனையில் மீன் விற்கிறாள். நான் வஞ்சிரம் கேட்டால் "உனக்கு இன்னாத்துக்குக்கா வஞ்சிரம், சங்கரா வாங்கினு போ" என்று அவளே முடிவு செய்வாள்.

அம்மா ஓய்வு பெற்றதும் அறையைக் காலி செய்து ஆழ்வார்பேட்டையில் வாடகைக்குப் போனோம். எனக்குக் கல்யாணமாகி, கணக்கு டீச்சராகி, அசோக் நகரில் அடுக்குமாடி வீடு வாங்கி, அங்கேதான் அம்மாவும் கண்ணை மூடினாள். இடையில் ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய கட்டடத்தைப் பூட்டிப் போட்டார்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தது, முன்வாசலில் உடைந்த குப்பை வண்டிகள் நின்றன. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சந்துக்குள் ஒரு நடை போய் கேட்டுக்கு வெளியே நிற்பேன். பின்பக்கம் அங்கிருந்து தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் போவேன்.

பிறகு ஒருநாள் மீன்கார சிநேகிதி போன் செய்தாள்.

"அக்கா, நம்ம ஆஸ்பத்திரிய இட்ச்சிட்டு கார் நிறுத்தற எடம் கட்டப் போறாங்களாம். நீ இன்னா அங்க உக்காந்துகினு கீற? வா."

வதந்தியா, உண்மையா, எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது எங்களைக் கிளப்பிவிட்டது. இங்கே பிறந்தவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். குப்பத்திலிருந்து அவள் ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்தாள். கோயில் தெருக்களிலிருந்து மிருதங்கம் சொல்லித்தரும் மாமா ஒருவர் தன் சொந்தக்காரர்களையும் சிஷ்யர்களையும் திரட்டி வந்தார். ரேஷன் கடை தவிர வேறெங்கும் இந்த இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. வெயிலில் நின்றோம். வார்டு கவுன்சிலர் வந்தார். "நானும் இங்கதாம்மா பொறந்தேன்" என்றார். எங்களுக்கு அதிர்ஷ்டக் கதவு அப்படித் திறந்தது.

சில மாதங்களில் கேட்டில் போர்டு தொங்கியது. மாநகராட்சி சார்பில், பாரம்பரியக் கட்டடத்தைப் பழமை மாறாமல் புதுப்பிக்கும் பணி.

அந்த போர்டின் முன்னால் நின்று நான் அழுதேன். பழமை மாறாமல். இந்த இரண்டு சொல்லைச் செய்தித்தாளில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கோயில் குளம், கலெக்டர் ஆபீஸ், ரயில் நிலையம் எல்லாவற்றுக்கும் இதையேதான் போடுவார்கள். ஆனால் என் வீட்டுக்கே போடுவார்கள் என்று நினைத்ததில்லை. ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு நல்ல கூரையாகப் போடுவார்கள், சமையல் மேடையை அப்படியே வைத்திருப்பார்கள், திறப்பு விழா அன்று உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருப்பேன். ஆட்டோவில் திரும்பும்போது இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வந்ததில் ஆட்டோக்காரர் பனகல் பார்க்கைச் சுற்றி எங்கெங்கோ போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வேலை தொடங்குவதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரி முற்றத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை. பேசியவர் மாநகராட்சியின் உதவிப் பொறியாளர். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது, நல்ல மாதிரி. எடுத்த எடுப்பில், "இந்தக் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் வருகிறது" என்று வாசித்தார்.

மிருதங்க மாமா எழுந்துவிட்டார்.

"என்ன சார் சொல்றேள்? ரெண்டாந்தரமா? எங்காத்துல அத்தனை பேரும் இங்கதான் பொறந்திருக்கோம். வந்து உக்காந்துண்டு ரெண்டாந்தரம்னு சொல்றேளே!"

"நம்மளையும் சேத்துதான் சொல்றாரு மாமா" என்று பின்வரிசையிலிருந்து சிநேகிதி எடுத்துக் கொடுத்தாள். "குப்பத்தையும் மாட வீதியையும் ஒண்ணாக்கிட்டாரு."

பொறியாளர் பாவம், வியர்த்துப்போய் விளக்கினார். தரம் என்பது மட்டம் என்ற அர்த்தத்தில் இல்லை, வகை. முதல் வகையில் உள்ளேயும் வெளியேயும் கை வைக்கக்கூடாது. இரண்டாவதில் உள்ளே தேவைக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இதை ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆக்கறதுக்கு நாங்க என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்கோ" என்றார். ஷாமியானாவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து என்னென்ன செய்யப்போகிறோம் என்று படித்தார். பெயின்ட் சுரண்டப்படும், சிமென்ட் பூச்சு நீக்கிச் சுண்ணாம்புப் பூச்சு பூசப்படும், பிற்சேர்க்கைகள் அனைத்தும் அகற்றப்படும். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பிற்சேர்க்கை என்றால் எனக்குப் பாடப் புத்தகத்தின் கடைசியில் வருவது, பரீட்சைக்கு வராதது. இங்கே அவர் சொல்வது ஜெனரேட்டர் கொட்டகை, சைக்கிள் ஸ்டாண்டு, யாரோ புண்ணியவான் தூணில் ஒட்டிவைத்த குளியலறை டைல்ஸ் என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் போகட்டும், நல்லதுதான்.

பிறகு திரையில் கட்டடத்தின் வரைபடம் வந்தது. அகற்ற வேண்டியதெல்லாம் சிவப்பில் இருந்தது. வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளுக்குச் செவ்வகம் வரையச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குப் படம் பார்க்கத் தெரியும். பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு சின்னச் செவ்வகம் முழுச் சிவப்பாக இருந்தது.

"தம்பி, பின்னாடி சிவப்பா இருக்கே, அது என்ன?"

"அது ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மேடம். ஒரிஜினல் பில்டிங்ல கிடையாது, அப்புறமா கட்டினது. பிற்சேர்க்கை."

"அதுல ஆளுங்க இருந்தாங்க தம்பி."

"ஆமா மேடம். குவார்ட்டர்ஸ்தானே."

அவர் கிண்டல் செய்யவில்லை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். எனக்குத்தான் கைதட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி யார்மேல் கோபப்படுவது என்று விளங்கவில்லை. எந்தப் பழமை மாறாமல் என்று அந்த போர்டில் போட்டிருக்க வேண்டாமா? வக்கீல் வாழ்ந்தது பழமையாம். அவர் எத்தனை நாள் அங்கே இருந்தார், யாருக்குத் தெரியும்? அம்மா வாழ்ந்தது அவர்கள் கணக்கில் புதுசு. கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று வெயிலில் நின்று நான்தான் கேட்டேன். கேட்டபடியே செய்கிறார்கள். அதற்காகத்தான் என் வீட்டை இடிக்கிறார்கள்.

மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். பொறியாளர் ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பேசினார். ஆட்சேபம் என்று நான் எழுதிக் கொடுத்தால் அவர்கள் எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் திட்டம் முழுவதும் திரும்பி மேலே போகும். மறுபடி எப்போது இறங்கி வரும் என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு மழைக்காலம் வரும்.

"அதுக்குள்ள பின்சுவர் தாங்குமான்னு தெரியல மேடம். உங்க ரூம் உத்திரத்தை மெயின் சுவத்துல குடைஞ்சு ஏத்தியிருக்காங்க. அது வழியாத்தான் தண்ணி இறங்குது. அந்த ரூம் நின்னா அந்தச் சுவர் நிக்காது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க" என்றேன்.

"நேர்ல வந்து பாருங்க. அப்புறம் நீங்க எழுதிக் குடுத்தா நானே வாங்கி மேல அனுப்பறேன்."

துணைக்குச் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையை மருமகளிடம் விட்டுவிட்டு வந்தாள். பூட்டு துருப்பிடித்துத் திறக்காமல், கடைசியில் உடைத்தார்கள். சின்ன வயதில் பெரிதாகத் தெரிந்த இடம் இப்போது போனால் சின்னதாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை, அது அப்போதே சின்னதாகத்தான் தெரிந்தது. சமையல் மேடையில் கடப்பைக்கல் விரிசல் விட்டுக் கிடந்தது. கூரையில் இரண்டு தகடு போய் வானம் தெரிந்தது. ஆனால் வாசனை போகவில்லை. டெட்டாலா, ஈரச் சுவரா, அம்மாவா என்று பிரிக்க முடியாத அந்த வாசனை அங்கேயே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தால் போய்விடும் போலிருந்தது.

பொறியாளர் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் எங்கள் உத்திரத்துக்கும் நடுவில் இருந்த வெடிப்பைக் காட்டினார். தன் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு எடுத்தார். கை ஈரமாக இருந்தது. சுவர் உள்பக்கமாகப் புடைத்திருந்தது எனக்கே தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

சிநேகிதி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு வரைக்கும் ஆயிரம் தடவை வந்திருப்பாள், இந்த அறைக்குள் பிறந்ததற்கப்புறம் அவள் வந்ததே இல்லையாம்.

"எங்கக்கா?"

சமையல் மேடைக்குக் கீழே காட்டினேன். மண்டியிட்டுத் தரையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா சாவற வரிக்கும் சொல்லிக்கினு இருந்துச்சுக்கா. இங்க படுத்துகினு வலில துடிக்கிதாம். வெளிய ஒரு பொண்ணு அம்மா அம்மான்னு கதவ தட்டிக்கினு ஒரே கத்தாம். எங்கம்மாக்கு அந்த அழுவய கேட்டுகினு முக்கவே வரலயாம். 'நர்சம்மா, மொதல்ல அத்த உள்ள வுடு, பாவம்'னுச்சாம்."

"யார் அது?"

"இன்னாக்கா, யாருன்னு கேக்கற? நீதான்!"

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்கம்மா கதவ தொறந்து உன்ன உள்ள வுட்டுச்சாம். நீ ஓடியாந்து உங்கம்மா முதுவ கட்டிப் புட்ச்சிக்கினியாம். வுடவே இல்லயாம். உன்ன முதுவுல வச்சிக்கினேதான் என்ன வெளிய எடுத்துச்சாம் உங்கம்மா. நர்சம்மா உப்பு மூட்டை தூக்கிகினு பிரசவம் பாத்துச்சுன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி சிரிக்கும். உனக்குத் தெரியாதா?"

"எனக்கு ஞாபகமே இல்லையேடி."

"நாலு வயசுல இன்னா ஞாபகம் இருக்கும்? எங்கம்மாக்கு இருந்துச்சு, போதாது?"

என் ஞாபகத்தில் அந்தக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருந்தது. நான் எப்போதும் வெளியேதான் நின்றேன். அப்படி நினைத்தே இத்தனை வருஷமும் அம்மாவிடம் உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது திறந்திருக்கிறாள். என்னைக் கீழே இறக்கிவிடாமல் முதுகில் வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள். வலியில் கிடந்த ஒருத்தி எனக்காகக் கேட்டிருக்கிறாள். நான் சிநேகிதிக்குப் பக்கத்தில் அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்து, பொறியாளர் நிற்கிறாரே என்று பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். அந்தப் பிள்ளை கைக்குட்டையை எடுத்து நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் ஓய்ந்ததும் சிநேகிதி சொன்னாள். "அக்கா, நான் சொல்றேன்னு கோச்சிக்காத. பின்சொவுரு வுழுந்தா ஆஸ்பத்திரியே வுழுந்துரும். அப்பறம் இன்னாத்துக்கு நாம அன்னிக்கு வெயில்ல நின்னோம்?"

"உனக்கு வருத்தமா இல்லயாடி? நீ பொறந்த இடம்."

"வருத்தமாத்தான் கீது. அதுக்கின்னா பண்றது? தூக்கிகினா போவ முடியும்?"

வெளியே வந்து பொறியாளரிடம் சொன்னேன். "இடிச்சுக்கோங்க தம்பி. மெஷின் விடாதீங்க. ஆளை விட்டு மேல இருந்து மெதுவா எடுங்க. எடுக்கற அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க."

"மெஷின் விடவே மாட்டோம் மேடம், மெயின் சுவர் அதிரும்" என்றார். அவர் கவலை அவருக்கு.

சொன்னபடி கூப்பிட்டார். ஒரு காலை நேரம். நாங்கள் இருவரும் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இறக்கினார்கள். பிறகு உத்திரத்தை உருவினார்கள். பக்கச் சுவர்களைச் செங்கல் செங்கலாகப் பிரித்து அடுக்கினார்கள். உச்சி வெயிலுக்குள் எங்கள் வீட்டில் சுவர் என்று பாக்கி இருந்தது ஒன்றுதான். அது ஆஸ்பத்திரியின் பின்சுவர். எங்கள் வீட்டுக்குள் இருந்த வரை அதன்மேல் எங்கள் பச்சை டிஸ்டெம்பர், அம்மா மாட்டிய காலண்டரின் ஆணி. இப்போது அது வெட்டவெளியில் நின்றது. எனக்கு யாரோ என் துணியை இழுத்த மாதிரி கூச்சமாக இருந்தது.

அந்தப் பச்சைப் பூச்சை உளியால் கொத்தி எடுத்தபோது வேலையாள் ஒருவர் பொறியாளரைக் கூப்பிட்டார். அவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, சிறு பிள்ளை மாதிரி ஓடி வந்தார்.

"மேடம், வாங்க, வாங்க. இங்க செங்கல் வேற மாதிரி அடுக்கியிருக்கு பாருங்க. மேல வளைவு தெரியுதா? இது ஜன்னல். பழைய பிளான்ல இருக்கு, இங்க காணோமேன்னு தேடிட்டிருந்தோம். உங்க ரூம் கட்டும்போது அடைச்சுட்டாங்க."

"உள்ளே எந்த இடம் தம்பி அது?"

"லேபர் வார்டு மேடம்."

பிரசவ அறைக்குப் பின்னால் குடித்தனத்துக்கு அறை கட்டினால் ஜன்னலை அடைக்காமல் என்ன செய்வார்கள்? நியாயம்தான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நான் வீட்டுப் பாடம் எழுதினேன். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் தூங்கிப்போனேன். அந்தப் பக்கம் அம்மா நின்றிருக்கிறாள், இந்தப் பக்கம் நான். நடுவில் இருந்தது யாரோ சாந்து பூசி அடுக்கிய கொஞ்சம் செங்கல். இந்த ஜன்னல் மட்டும் இருந்திருந்தால் அம்மாவைப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்திருப்பேன்.

மேல் வளைவிலிருந்து ஒவ்வொரு செங்கலாக உருவினார்கள். முகம் நுழையும் அளவுக்கு வழி விட்டதும் நான் எழுந்து போனேன். வேலையாட்கள் ஒதுங்கி, தாங்கள் ஏறி நின்ற பலகையில் என்னை ஏற்றிவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளே நீளமான காலி அறை. எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்ததால் நல்ல வெளிச்சம். பிரசவ மேஜை நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. அவள் நின்றிருக்கக்கூடிய இடம் மேஜைக்கு இந்தப் பக்கம், என் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"இன்னாக்கா தெரியுது?" என்றாள் பின்னால் சிநேகிதி.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில், அந்த ஓட்டைக்குள் வாயை வைத்து, "அம்மா" என்று கூப்பிட்டேன். அன்றைக்கு அவளை வேறு யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் வரவில்லை.